அரங்கம் கட்டினால் வணிகம் வந்துவிடாது

மிகப் பெரிய மாநாட்டு மையமும் கண்காட்சி வளாகமும் கட்டிவிட்டால் போதும், உலக நிறுவனங்கள் தேடி வரும், ஓட்டல் அறைகள் நிரம்பும், டாக்சி ஓட்டுபவர் முதல் பூ விற்பவர் வரை எல்லோர் கையிலும் காசு புரளும். இந்தக் கருத்தை இன்று இந்தியாவில் மறுத்துப் பேசுபவர்கள் குறைவு. டெல்லியில் கேட்டாலும் சென்னையில் கேட்டாலும் வாதம் ஒன்றுதான்: நம்மிடம் போதிய இடம் இல்லை, அதனால்தான் பெரிய கண்காட்சிகள் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகின்றன, கட்டினால் இங்கே வருவார்கள். அறிவிப்புகளிலும் திறப்பு விழா உரைகளிலும் இதே வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

இந்தக் கருத்து தவறு. வணிகம் செழித்த ஊர்கள் தங்களுக்கு வேண்டிய கூடத்தைத் தாங்களே கட்டிக்கொண்டன. கூடம் கட்டியதால் வணிகம் செழித்த ஊரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். இந்த வரிசையை மாற்றி வைத்துக்கொண்டுதான் பொதுப்பணத்தில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கோடிகளைக் கொட்டுகிறோம்.

கோவையைப் பாருங்கள். மாவட்டச் சிறுதொழில்கள் சங்கமான கொடிசியா 1969இல் தொடங்கியது. பீளமேடு, ஆவாரம்பாளையம், கணபதி என்று தெருத்தெருவாக லேத் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் பம்புசெட், மோட்டார், கிரைண்டர் செய்யும் கூடங்களும் பெருகியிருந்த ஊர் அது. தங்கள் பொருளைக் காட்டவும் புது இயந்திரங்களைப் பார்க்கவும் அந்தத் தொழில்காரர்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. அவர்களுடைய சங்கமே அவிநாசி சாலைப் பக்கம் கண்காட்சி வளாகத்தை எழுப்பியது. இன்டெக் இயந்திரக் கண்காட்சி அங்கே நடக்கிறது. அக்ரி இன்டெக்ஸ் வேளாண் கண்காட்சிக்குப் பக்கத்து மாவட்ட விவசாயிகள் வேன் பிடித்து வருகிறார்கள். 2015 முதல் கோவைப் புத்தகத் திருவிழாவும் அங்கேதான். 2010 ஜூன் மாதம் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததும் இதே வளாகத்தில்தான். தமிழ்நாடு கண்ட மிகப் பெரிய பன்னாட்டு மாநாடுகளில் ஒன்றுக்கு இடம் கொடுத்தது, பட்டறைக்காரர்கள் தங்கள் தேவைக்காகக் கட்டிய கூடம். இது தற்செயல் அல்ல. ஆண்டு முழுக்கப் புழக்கத்தில் இருக்கும் இடத்துக்கு மின்சாரம், சாலை, வேலை தெரிந்த ஆட்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கும்.

பெங்களூரிலும் இதே கதை. தும்கூர் சாலையில் உள்ள பன்னாட்டுக் கண்காட்சி மையத்தை 2007இல் நிறுவியது, இந்திய இயந்திரக் கருவி உற்பத்தியாளர் சங்கம். பல டன் எடையுள்ள எந்திரங்களை லாரியிலிருந்து இறக்கி, அங்கேயே ஓட்டி, வெட்டிக் காட்ட வேண்டும். அந்தப் பாரத்தைத் தரை தாங்க வேண்டும். மூன்று ஃபேஸ் மின்சாரமும் அழுத்தக் காற்றுக் குழாயும் எந்திரம் நிற்கும் இடம்வரை வர வேண்டும். தொழில்காரர்களே கட்டும்போது இவையெல்லாம் முதலில் வரைபடத்தில் ஏறும், முகப்பின் அழகு பிறகு வரும். அங்கே நடக்கும் இம்டெக்ஸ் இயந்திரக் கருவிக் கண்காட்சிக்கு நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அந்த வாசல்வரை மெட்ரோ ரயில் வந்தது 2024 நவம்பரில்தான். ரயில் இல்லாத 17 ஆண்டுகளும் எந்திரம் வாங்குபவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், ஏனென்றால் விற்பவர்கள் அங்கே இருந்தார்கள்.

கண்காட்சி என்ற தொழில் உண்மையில் எந்த அளவில் நடக்கிறது என்பதை அருகில் போய்ப் பார்த்தால் இது புரியும். ஒரு சிறு நிறுவனம் வழக்கமாக எடுப்பது 9 சதுர மீட்டர் ஸ்டால். நீளம் மூன்று மீட்டர், அகலம் மூன்று மீட்டர். மூன்று பக்கம் வெள்ளைத் தடுப்பு, மேலே நிறுவனத்தின் பெயர், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சில ஸ்பாட் லைட், ஒரு பிளக் பாயின்ட், ஒரு குப்பைக்கூடை. நாலைந்து நாள் பட்டறை வேலையை மச்சான் பொறுப்பிலோ மேஸ்திரி பொறுப்பிலோ விட்டுவிட்டு முதலாளி அங்கே நிற்கிறார். மாலையில் சேர்ந்திருக்கும் விசிட்டிங் கார்டுகளை எடுத்து, உண்மையில் ஆர்டர் கொடுக்கக்கூடியவர் யார், சும்மா பையை வாங்கிக்கொண்டு போனவர் யார் என்று பிரித்து வைக்கிறார். அடுத்த ஆண்டும் இந்தக் கண்காட்சிக்கு வருவதா வேண்டாமா என்பதை அந்தக் கார்டுகள்தான் முடிவு செய்கின்றன. கூரை எத்தனை மீட்டர் உயரம், அரங்கம் ஆசியாவில் எத்தனையாவது பெரியது என்று அவர் கேட்பதே இல்லை. யார் வருவார்கள், வாடகை எவ்வளவு, இந்த இரண்டுதான் அவர் கேள்வி. பிரம்மாண்டத்துக்குச் செலவான பணத்தை வளாகம் அரங்க வாடகையில் வசூலிக்கும், ஏற்பாட்டாளர் அதை ஸ்டால் வாடகையில் ஏற்றுவார், கடைசியில் அது அந்த 9 சதுர மீட்டர்க்காரர் தலையில்தான் விழும்.

உலகத்திலேயே பெரிய கண்காட்சி மைதானம் என்று பேர் எடுத்த ஜெர்மனியின் ஹனோவர் எப்படித் தொடங்கியது? இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டாண்டுகள் ஆன 1947. பழைய வணிகச் சந்தை நகரமான லைப்சிக் சோவியத் பகுதிக்குள் போய்விட்டதால் மேற்குப் பகுதிக்கு ஒரு சந்தை தேவைப்பட்டது. ஹனோவருக்கு வெளியே போரில் தப்பிய உலோகத் தொழிற்சாலைக் கொட்டகைகளில் கண்காட்சியை நடத்தினார்கள். சுமார் 1,300 நிறுவனங்கள் பங்கேற்றன. ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். உணவுப் பங்கீடு அமலில் இருந்த காலம் அது. ரேஷன் கூப்பன் இல்லாமல் மீன் வைத்த ரொட்டி கிடைத்ததால் மக்கள் அந்தக் கண்காட்சியை மீன் ரொட்டியின் பெயராலேயே நினைவில் வைத்திருக்கிறார்கள். விற்கத் துடித்த ஒரு தொழில்துறையும் வாங்கத் துடித்த ஓர் உலகமும் இருந்தன. மீதமெல்லாம் பின்னால் வந்தது.

அதே ஹனோவர் இன்னொரு பாடத்தையும் தருகிறது, பிரம்மாண்ட அரங்கங்களை ஆதரிப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பாடம். 1986இல் தனிக் கண்காட்சியாகப் பிரிந்த செபிட், கணினித் துறையின் உலகத் திருவிழாவாக வளர்ந்தது. 2001இல் அதற்கு வந்தவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். 2018இல் வந்தவர்கள் சுமார் 1.2 லட்சம். அந்த ஆண்டு முடிவதற்குள் கண்காட்சியையே நிறுத்திவிட்டார்கள். அரங்குகள் அப்படியே இருந்தன, ரயில் நிலையமும் ஓட்டல்களும் அப்படியே இருந்தன. கணினி வாங்கும் விதம்தான் மாறியிருந்தது. எந்திரங்களுக்கான ஹனோவர் கண்காட்சி மட்டும் அதே மைதானத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது, ஏனென்றால் எந்திரத்தை நேரில் ஓட்டிப் பார்க்காமல் எவரும் வாங்குவதில்லை. வீடியோ விளையாட்டுத் துறையின் ஈ3 கண்காட்சி பல ஆண்டுகள் லாஸ் ஏஞ்சலஸ் மாநாட்டு மையத்தில் நடந்தது. நிறுவனங்கள் தங்கள் புது விளையாட்டுகளை இணையத்தில் நேரடியாகவே அறிவிக்கத் தொடங்கின. 2023 டிசம்பரில் ஈ3 நிரந்தரமாக மூடப்பட்டதாக அறிவித்தார்கள். 1905இல் தொடங்கிய ஜெனீவா மோட்டார் கண்காட்சியும் 2024இல் முடிவுக்கு வந்தது. இவற்றில் எதுவும் இடம் போதாமல் அழிந்ததில்லை.

அமெரிக்காவில் இந்தச் சோதனையைப் பல பத்தாண்டுகளாக நடத்திப் பார்த்துவிட்டார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சான் அன்டோனியோ வளாகப் பேராசிரியர் ஹேவுட் சாண்டர்ஸ் 2005இல் புரூக்கிங்ஸ் நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையின்படி, மாநாட்டு மையங்களுக்கான அரசுகளின் மூலதனச் செலவு பத்தாண்டுகளில் இரட்டிப்பாகி ஆண்டுக்கு 240 கோடி டாலரை எட்டியிருந்தது. 1990க்குப் பிறகு கண்காட்சி இடம் பாதிக்கு மேல் பெருகியிருந்தது. வந்த கூட்டம் அந்த வேகத்தில் பெருகவில்லை. எல்லா ஊர்களும் கட்டியதால் ஒரே கூட்டத்துக்காக எல்லோரும் அடித்துக்கொண்டார்கள். வாடகையைக் குறைத்தார்கள், சில ஊர்களில் இலவசமாகவே கொடுத்தார்கள். கட்டுவதற்கு முன்னால் ஆலோசனை நிறுவனங்கள் கொடுத்த கணிப்புகளுக்கும் கட்டிய பிறகு வந்த எண்ணிக்கைக்கும் இடையிலான தூரத்தை ஊர் ஊராக எடுத்து வைத்து, 2014இல் ஒரு தடித்த நூலே எழுதினார் சாண்டர்ஸ். சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் அமெரிக்காவின் மிகப் பெரிய வளாகம். அங்கே 1971 முதல் நடந்துவந்த பிளாஸ்டிக் துறைக் கண்காட்சி, செலவு கட்டுப்படியாகவில்லை என்று 2012இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவுக்குப் போய்விட்டது. பெரிய கூடத்தால் பழைய வாடிக்கையாளரைக்கூடப் பிடித்து வைக்க முடியவில்லை.

இனி டெல்லி. இந்தியாவில் இந்த நம்பிக்கையின் முழு உருவத்தையும் அங்கேதான் பார்க்கலாம்.

சுதந்திரத்தின் வெள்ளிவிழா ஆண்டான 1972இல் ஆசிய வணிகக் கண்காட்சிக்காகப் பிரகதி மைதானம் எழுந்தது. அதன் நடுவே நின்றது ஹால் ஆஃப் நேஷன்ஸ். கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல், பொறியாளர் மகேந்திர ராஜ். வெளிநாடுகளில் எஃகில் செய்யும் முப்பரிமாணச் சட்டகத்தை, எஃகு கிடைக்காத, கட்டுப்படியாகாத நாட்டில் கான்கிரீட்டில் வார்த்தெடுத்தார்கள். கிரேன்களை நம்பாமல் ஆட்களின் கைவேலையை நம்பி, ஒவ்வொரு இணைப்பாக, உள்ளே ஒரு தூண்கூட இல்லாமல் எழுப்பினார்கள். வெயிலை மறைக்கும் தடுப்பாகவும் அந்தச் சட்டகமே நின்றது. இந்தியாவின் வறுமையையும் திறமையையும் ஒருசேரக் காட்டிய கட்டடம் உலகக் கட்டடக் கலை நூல்களில் இடம்பிடித்தது. 2017 ஏப்ரலில் ஓர் இரவில் அதை இடித்தார்கள். அறுபது ஆண்டுகள் நிறையாததால் பாரம்பரியக் கட்டடமாகக் கருத முடியாது என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். ஐந்தாண்டு கழித்து நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், விடுதலைக்குப் பிந்தைய தெற்காசியக் கட்டடங்களுக்காகக் கண்காட்சி நடத்தியபோது, இல்லாமல் போன அந்தக் கட்டடத்தையும் அதில் வைத்துக் காட்டியது. உலகத் தரம் வேண்டும் என்று சொல்லி, உலகம் மதித்த ஒன்றை இடித்ததை எந்தத் திறப்பு விழாவாலும் நியாயப்படுத்த முடியாது.

அந்த இடத்தில் வந்தது பாரத் மண்டபம். சுமார் 2,700 கோடி ரூபாய்ச் செலவு, 2023 ஜூலை 26 அன்று திறப்பு. அதன் கொள்ளளவு சிட்னி ஓப்பரா மாளிகையைவிட அதிகம் என்று அரசுச் செய்திக்குறிப்பு பெருமைப்பட்டது. திட்டத்துக்குப் பணம் திரட்ட, மைதானத்தின் 3.7 ஏக்கர் நிலத்தை ஐந்து நட்சத்திர ஓட்டலுக்காக 99 ஆண்டுக் குத்தகைக்கு விட 2019இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. விலை 611 கோடி. பாரத் மண்டபம் திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதே டெல்லியின் துவாரகாவில் இன்னொன்று, யசோபூமி. முதல் கட்டத்துக்கு மட்டும் சுமார் 5,400 கோடி. செப்டம்பர் 17 அன்று திறப்பு. பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் தனியாக ஒரு பெரிய கண்காட்சி வளாகம் முன்பே இருக்கிறது.

இத்தனை இடம் பெருகியதால் புதிதாக என்ன வந்தது என்று கேட்பவர்கள் ஆட்டோ எக்ஸ்போவின் பயணத்தைப் பார்க்க வேண்டும். 1986இல் பிரகதி மைதானத்தில் தொடங்கிய கண்காட்சி அது. இடம் போதவில்லை என்று 2014இல் கிரேட்டர் நொய்டாவுக்குப் போனது. 2025 ஜனவரியில் பாரத் மொபிலிட்டி என்ற பெரிய கண்காட்சியின் பகுதியாக மீண்டும் பாரத் மண்டபத்துக்கே வந்தது. உதிரிபாகங்கள் யசோபூமியில், கட்டுமான எந்திரங்கள் கிரேட்டர் நொய்டாவில். நாடு முழுக்கத் தெரிந்த ஒரு கண்காட்சி, தலைநகரைச் சுற்றியே இடம் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறது. நொய்டா ஓட்டலில் தங்கியவர் இப்போது டெல்லி ஓட்டலில் தங்குகிறார். இதை வளர்ச்சி என்று கணக்கில் எழுதினால், நொய்டா இழந்ததையும் அதே கணக்கில் எழுத வேண்டும்.

ஜி20 மாநாட்டுக்குப் பாரத் மண்டபம் தேவைப்படவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு நாட்டின் தலைநகரில் தலைவர்கள் கூடுவதற்கு ஒரு நல்ல மண்டபம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் 2023 செப்டம்பர் 9, 10 ஆகிய இரண்டு நாள் தேவையும், ஆண்டின் மற்ற நாட்களில் அந்த இடம் யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதும் வேறு வேறு கேள்விகள். நாட்டின் கௌரவத்துக்காகச் செலவிட்டோம் என்றால் அப்படியே சொல்லலாம், மக்கள் ஏற்பார்கள். கௌரவத்துக்குச் செய்த செலவைப் பொருளாதார முதலீடு என்று சொல்வதுதான் ஏமாற்று.

சீனாவையும் சிங்கப்பூரையும் காட்டுபவர்கள் உண்டு. குவாங்சோவின் கேன்டன் கண்காட்சி 1957இல் சோவியத் நட்புறவுக் கட்டடத்தில் தொடங்கி, ஏற்றுமதி பெருகப் பெருக அடுத்தடுத்த வளாகங்களுக்கு மாறி, அரை நூற்றாண்டு கழித்துத்தான் அதே நகரின் பஜோ பகுதியில் இன்றைய பிரம்மாண்டத்தை அடைந்தது. சிங்கப்பூர் தன் பெரிய கண்காட்சிக் கூடத்தை 1999இல் திறந்தபோது, உலகின் பரபரப்பான துறைமுகமும் சாங்கி விமான நிலையமும் நூற்றுக்கணக்கான பன்னாட்டு நிறுவனங்களின் அலுவலகங்களும் அங்கே ஏற்கெனவே இருந்தன. அவர்கள் கடைசியாகச் செய்ததை நாம் முதலில் செய்ய நினைக்கிறோம்.

சென்னைக்கு வருவோம். நந்தம்பாக்கம் வர்த்தக மையம் 2001இல் திறக்கப்பட்டது. மத்திய அரசின் வர்த்தக மேம்பாட்டு அமைப்பும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து நடத்துவது. அண்மையில் அதை விரிவாக்கினார்கள். கொரோனாக் காலத்தில் நோயாளிகளுக்குப் படுக்கை போட இடம் கொடுத்த நல்ல பொதுச் சொத்து அது. அதற்கு மேல், முட்டுக்காட்டில், கலைஞர் பெயரில், 500 கோடிக்கும் மேல் மதிப்பீட்டில் பன்னாட்டு அரங்கம் என்று அறிவித்தார்கள். தென்சென்னையின் மழைவெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கடலைச் சேரும் முகத்துவாரம் முட்டுக்காடு. ரயில் கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறு வந்தாலே வாகனம் நகராது. அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகளில் பட்டறை வைத்திருப்பவர், ஸ்டாலுக்கான எந்திரத்தை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அங்கே போக வேண்டுமா? அவரைக் கேட்டுத்தான் இடம் தேர்ந்தார்களா?

சென்னையில் ஆண்டுதோறும் மிக அதிக மக்கள் தேடிப்போகும் கண்காட்சிகளில் ஒன்று புத்தகக் காட்சி. 1977இல் தொடங்கியது. பள்ளி, கல்லூரி வளாகங்களில் தங்கி, இப்போது நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே பலகைத் தளம் போட்டு நடக்கிறது. நூற்றுக்கணக்கான பதிப்பாளர்கள், லட்சக்கணக்கான வாசகர்கள். மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது, பெண்களுக்குப் போதிய கழிப்பறை இல்லை என்ற குறை ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. இது சரி செய்யவேண்டிய குறைதான், மிகச் சில கோடிகளில் சரி செய்யவும் முடியும். ஆனாலும் மக்கள் வருகிறார்கள். மெட்ரோவும் பேருந்தும் சைதாப்பேட்டை ரயிலும் அருகில் இருக்கின்றன, தேடும் புத்தகம் உள்ளே இருக்கிறது. பளபளப்பான கூடம் இல்லாததால் அந்தக் காட்சி தேய்ந்துபோகவில்லை. நகரத்துக்கு வெளியே கொண்டுபோனால் தேயும்.

திருப்பூரில் பின்னலாடைக்காரர்கள் திருமுருகன்பூண்டியில் தங்களுக்கென்று கண்காட்சி வளாகம் வைத்திருக்கிறார்கள். ஓசூரிலோ சிவகாசியிலோ ஒரு தொழிலுக்கு அப்படிப்பட்ட கூடம் வேண்டுமென்றால் அந்தத் தொழில்காரர்கள் முன்வந்து கேட்கட்டும், பங்கு போடட்டும், அரசு நிலமும் சாலையும் கொடுக்கட்டும். சிறு நிறுவனங்களுக்கு ஸ்டால் வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் மத்திய அரசுத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதை விரிவாக்கினால் அந்த 9 சதுர மீட்டர்க்காரர் ஹனோவரிலேயே போய் நிற்கலாம்.

அதற்கு முன் தமிழக அரசு ஒரு வேலை செய்ய வேண்டும். விரிவாக்கத்துக்குப் பிறகு நந்தம்பாக்கத்தில் ஒவ்வோர் அரங்கமும் ஆண்டுக்கு எத்தனை நாள் வாடகைக்குப் போகிறது, அதில் தொழில் கண்காட்சி எத்தனை, கல்யாணமும் கலை நிகழ்ச்சியும் எத்தனை, வெளி மாநிலத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த நிறுவனங்கள் எத்தனை, வாடகை வரவு எவ்வளவு, பராமரிப்புச் செலவு எவ்வளவு என்ற கணக்கை வெளியிட வேண்டும். முட்டுக்காட்டுக்குச் சாத்தியக்கூறு அறிக்கை தயாரித்திருந்தால் அதைத் தமிழில் வெளியிட்டு, தொழிற்பேட்டைச் சங்கங்களையும் அப்பகுதி மீனவர்களையும் அழைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். அந்தக் கணக்கு வெளியாகும்வரை முட்டுக்காட்டில் இனி ஒரு மூட்டை சிமென்ட்கூட இறக்கக் கூடாது.